ஜீப்பின் முன்னங்கால்கள்: ஜே.சி. ரோட்டில் ஒரு சரித்திரப் பாடம்

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர்களை வார இறுதியை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் பிடித்து ஊருக்கு ஓடுபவர்கள் முதல் வகை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மால் மாலாகச் சுற்றுபவர்கள் இரண்டாவது வகை. பழைய ஜீப் ஒன்றை வாங்கிவிட்டு, சனிக்கிழமை காலையில் கையெல்லாம் கிரீஸோடு நிற்பவர்கள் மூன்றாவது வகை. அடியேன் மூன்றாவது. வாரத்தில் ஐந்து நாள் ஆபீசில் ஆணி பிடுங்குகிறோம், ஆறாவது நாளாவது நிஜமான போல்ட்டைப் பிடுங்கலாமே என்ற நல்லெண்ணம்தான் :-)

என்னிடம் இருப்பது ஒரு மஹிந்திரா 540. முந்தைய உரிமையாளர் அதை நாலைந்து அங்குலம் தூக்கி, பெரிய டயர் மாட்டி வைத்திருந்தார். பார்க்க சிங்கம் மாதிரி இருக்கும். ஆனால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஸ்டீயரிங் சாமி வந்த மாதிரி ஆடும். அந்த முன்பக்கத்தைப் பிரித்துச் சரிசெய்த கதையைச் சொல்ல வந்தேன். எழுத உட்கார்ந்தால் அது சரித்திரப் பதிவாகிவிட்டது. காரணம், நான் கழற்றிய ஒவ்வொரு சாமானும் ஒரு கதை சொன்னது. அமெரிக்க ராணுவம், மும்பைத் தொழிற்சாலை, பெங்களூர் கன்டோன்மென்ட், போடிநாயக்கனூர் ஏலத்தோட்டம் என்று எல்லாம் அந்த இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன. வண்டி வாகனத்தில் ஆர்வம் இல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய பத்திகள் இரண்டோ மூன்றோதான்.

அவசரத்தில் பிறந்த வண்டி

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கிற, எடை குறைந்த, எங்கும் போகிற ஒரு சிறு வண்டி வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நம் பிராஜக்ட் மேனேஜர்கள் கொடுக்கும் கெடுவெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தக் கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுவந்தது பான்டம் என்ற சின்னக் கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைபடம் போட, 1940 செப்டம்பர் 23 அன்று மாதிரி வண்டி ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது. பெரிய அளவில் செய்யும் வசதி பான்டத்திடம் இல்லாததால் ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. 1941 முதல் 1945 வரை இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து செய்தவை சுமார் 6,40,000 ஜீப்புகள்.

49 நாளில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது. கையில் இருப்பதை வைத்துத்தான் சமைக்க வேண்டும். குதிரை வண்டிக் காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த சாமான் பட்டை ஸ்பிரிங். நீளமான எஃகுத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வில் மாதிரி வளைத்து, நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கினால் முடிந்தது. அது வண்டியின் எடையைத் தாங்கும், குலுக்கலை வாங்கும், ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடித்தும் வைக்கும். ஒரே சாமான், மூன்று வேலை. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை இரும்பு ஆக்ஸில், அதன் கீழே இரண்டு பட்டைக் கட்டுகள். இவ்வளவுதான் ஜீப்பின் முன்னங்கால்.

இது ஏழைச் சமையல்தான், ஆனால் கெட்டுப்போகாத சமையல். போர்முனையில் பட்டை உடைந்தால் கொல்லர் ஒருவர் இருந்தால் போதும். யூ போல்ட் நான்கையும் கழற்றி, வேறு தகடு சேர்த்து, மறுபடி முறுக்கிவிட்டுக் கிளம்பலாம். வண்டியைத் தூக்க ஒரு ஜாக்கி, நான்கு ஸ்பானர், ஒரு சம்மட்டி. எண்பது வருஷத்துக்கு மேலாகியும் ஜே.சி. ரோட்டுப் பக்கம் இதே சாமான்களை வைத்துத்தான் ஜீப் வேலை நடக்கிறது.

இந்தியாவுக்கு வந்த வழி

இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைக்காக வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளோடு ஜீப்புகளும் இந்தியாவுக்கு வந்தன. போர் முடிந்ததும் அவற்றில் பல இங்கேயே தங்கிவிட்டன. "டிஸ்போசல் வண்டி" என்ற சொல்லை நம் தாத்தாக்கள் தலைமுறை நன்றாக அறியும். ராணுவம் கழித்த வண்டியை ஏலத்தில் எடுத்து, பிரித்து, கோத்து, மறுபடி ஓட்டுவது என்கிற ஒரு தொழிலே அப்போதுதான் சூடு பிடித்தது.

1945ல் கே.சி. மஹிந்திரா, ஜே.சி. மஹிந்திரா என்ற சகோதரர்கள் மாலிக் குலாம் முகமதுவோடு சேர்ந்து மஹிந்திரா அண்ட் முகமது என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். தேசம் பிரிந்தது. குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார், 1951ல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே கம்பெனி 1948ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாறியது. 1940களின் கடைசியில் மும்பை மஜகானில், அமெரிக்காவிலிருந்து பிரித்த நிலையில் பெட்டிகளில் வந்த வில்லிஸ் ஜீப்புகளை அங்கே கோக்க ஆரம்பித்தார்கள். போகப்போக சாமான்களையும் இங்கேயே செய்தார்கள். நாம் சின்ன வயதில் பார்த்த ஜீப்புகள் பலவற்றின் பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருந்தது நினைவிருக்கிறதா? அமெரிக்க மூலம் விட்டுப்போன அடையாளம் அது.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டும் ஜீப்பைச் சுற்றித்தான் வந்தது. காஷ்மீர்ப் போருக்காக ராணுவத்துக்கு அவசரமாக ஜீப் தேவைப்பட்டபோது, லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் 1948ல் ரூ. 80 லட்சத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போனது. வந்து இறங்கியவை 155 ஜீப்புகள். பாராளுமன்றத்தில் பல வருஷம் புகைந்து, கடைசியில் 1955 செப்டம்பர் 30 அன்று, விவகாரம் முடிந்தது என்று உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் அறிவித்தார். பழைய ஜீப்பை நேரில் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பது அரசாங்கத்துக்கே பொருந்தும் பாடம் :-)

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன்பின் கிராமத்தானுக்கு அரசாங்கம் என்றால் ஜீப், ஜீப் என்றால் அரசாங்கம். பி.டி.ஓ. ஜீப், தாசில்தார் ஜீப், குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப், தேர்தல் ஜீப். தூரத்தில் புழுதி கிளம்பினாலே ஊர் எழுந்து நிற்கும்.

பெங்களூருக்கு என்ன சம்பந்தம்?

ஜீப் செய்த ஊர் மும்பை. ராணுவத்துக்கு ஜோங்கா செய்த ஊர் ஜபல்பூர். நிஸான் பட்ரோலை மூலமாக வைத்து 1969 முதல் 1999 வரை அங்கே வண்டித் தொழிற்சாலையில் ஜோங்கா செய்தார்கள். பிறகு ஏன் தென்னிந்தியாவில் பழைய ஜீப் சாமான் என்றால் ஆட்கள் பெங்களூரைச் சொல்கிறார்கள்?

பதில் கன்டோன்மென்ட். திப்பு சுல்தான் வீழ்ந்த பத்தாண்டுக்குள், 1809ல், பிரிட்டிஷார் பெங்களூரில் ராணுவக் குடியிருப்பை அமைத்தார்கள். மதராஸ் ராணுவத்தோடு சிப்பாய்களும், அவர்களுக்குப் பின்னால் தச்சர், கொல்லர், தையல்காரர், சமையல்காரர், வண்டிக்காரர் என்று தமிழ்க் குடும்பங்களும் வந்து குடியேறின. 1780ல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரிக்கு அருகில்தான். அந்தப் படையினருக்கு ராணுவத்தில் செல்லப்பெயர் "தம்பி". நம் ஐ.டி. கூட்டம் ஓசூர் ரோட்டில் வந்து இறங்குவதற்கு இருநூறு வருஷம் முன்னாலேயே தம்பிகள் இங்கே வந்து பாலமும் ரோடும் போட்டிருக்கிறார்கள். நாம் எல்லாம் லேட்.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு இங்கே ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கினார். போர்க்காலத்தில் அது அமெரிக்க விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய பணிமனையாக மாறியது. அல்சூரில் ராணுவத்தின் 515 பணிமனை. விமானம், டாங்கி, லாரி, ஜீப் என்று எதையும் அளந்து, கடைந்து, பொருத்தத் தெரிந்த கைகள் ஊர் நிறைய உருவாயின. அரசாங்க வேலையில் இருந்தவர்களின் கைப்பழக்கம் அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கும் பரவியது. ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வரும். எடுப்பவர்கள் உருப்படியானதை ஓட்டக் கொடுப்பார்கள், மிச்சத்தைப் பிரித்து சாமானாக விற்பார்கள். சென்னைக்குப் புதுப்பேட்டை, கோவைக்கு உக்கடம் மாதிரி பெங்களூருக்கு சிவாஜிநகர் குஜிரி. புது சாமானுக்கு, சென்னையில் ஜி.பி. ரோடு மாதிரி, இங்கே டவுன்ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜே.சி. ரோடு. மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் பெயர் கொண்ட ரோட்டில் வைப்பர் பிளேடிலிருந்து கியர்பாக்ஸ் வரை எல்லாம் கிடைக்கும்.

இந்தக் கடைகளில் நடக்கும் பேச்சை ஒரு நாளாவது கேட்க வேண்டும். சாமான் விற்கும் பாய் உருதுவில் விலை சொல்வார். லேத்காரர் கன்னடத்தில் அளவு கேட்பார். மேஸ்திரி கன்டோன்மென்ட் தமிழில் பதில் சொல்வார். சாமானின் பெயர் மட்டும் மூன்று பேருக்கும் ஒன்றுதான்: புஷ், பேரிங், கிங் பின், டை ராட். காவிரிக்காக இந்த ஊரில் 1991லும் 2016லும் நடந்ததை எல்லாம் பார்த்தவர்கள் நாம். அந்த நாட்களில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு வெளியே போகவே பயந்தோம். ஆனால் எந்த வருஷத்திலும் ஒரு கிங் பின் பேரிங்குக்குத் தாய்மொழி கிடையாது. பட்டறைக்குள் வேலை தெரிந்தவன், வேலை தெரியாதவன் என்று இரண்டே ஜாதி.

போடிநாயக்கனூர் பாடம்

எங்கள் ஊர் போடி. ஜீப்பைத் தூக்கிக் கட்டுவது அமெரிக்காக்காரன் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்தில் விடியற்காலையில் கிளம்பும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து மலை ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அவை. எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் பாதியில் கணக்கு விட்டுப்போகும். அந்தப் பாரத்துக்குக் கம்பெனிப் பட்டை தாங்காது. எனவே பட்டைக்கட்டில் ஒன்றிரண்டு தகடு கூடுதலாகச் சேர்ப்பார்கள். வண்டி தானாகவே உயரும். அழகுக்காக இல்லை, வயிற்றுப்பாட்டுக்காகத் தூக்கிய வண்டிகள் அவை.

இதற்கு விலையும் உண்டு. பட்டை விறைத்துப்போனால் குலுக்கல் முழுவதும் புஷ்ஷுக்கும் பின்னுக்கும் போகும். தேய்மானம் கூடும். மலைப்பாதையில் தேய்ந்த முன்பக்கத்தோடு இறங்கும் ஜீப் என்ன செய்யும் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் பல முறை அழுது தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் இந்தப் பதிவில் நான் விளையாட்டாக எழுதினாலும், விஷயம் விளையாட்டு இல்லை. ஒரு அங்குல நீளமுள்ள புஷ் ஒன்றில்தான் பல பேர் வீடு திரும்புவது இருக்கிறது.

உடைந்த பட்டைக்கு மறுபிறவியும் உண்டு. ஸ்பிரிங் எஃகு லேசில் கூர் மழுங்காது. அதனால் நம் ஊர்க் கொல்லர்கள் பழைய லாரி, ஜீப் பட்டைகளை வாங்கி அருவாள் அடிப்பார்கள். டெட்ராய்ட் பக்கத்து யோசனை ஒன்று தென் தமிழ்நாட்டில் அருவாளாக முடிவதுதான் உண்மையான உலகமயமாக்கல்!

தூக்கினால் ஏன் தேய்கிறது?

பல்லைக் கடிக்கச் சொன்ன பத்திகள் இவைதான்.

ஜீப்பிலும் சரி, 1985 கடைசியில் இந்தியாவுக்கு வந்த மாருதி ஜிப்ஸியிலும் சரி, பட்டைக்கட்டு ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிப் பொருத்தினால் ஒரே மூச்சில் வண்டி நாலைந்து அங்குலம் உயர்ந்துவிடும். இல்லாவிட்டால் பட்டையின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்கலாம். அல்லது அதிக வளைவுள்ள பட்டை போடலாம். மூன்றிலும் மாறாத ஒன்று உண்டு. ஸ்டீயரிங் பாக்ஸ் சட்டத்தோடு மேலே போய்விடும், சக்கரம் கீழேயே நிற்கும். நடுவில் இருக்கும் கம்பி சரிந்துவிடும். சரிந்த கம்பி, சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அதைப் பக்கவாட்டிலும் தள்ளும். பள்ளத்தில் இறங்கினால் நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்பும்.

இரண்டாவது விஷயம் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள். நேர் செங்குத்தாக இல்லாமல் லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வினால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பிலும் சக்கரம் திரும்பும் அச்சுக்கு இதே மாதிரி ஒரு சின்னச் சாய்வு உண்டு. பழைய ஜீப்பில் ஷேக்கிள் முன்பக்கம் இருப்பதால், அதை நீளமாக்கினால் பட்டையின் முன் நுனி தாழ்ந்து, ஆக்ஸில் முன்னால் உருண்டு, அந்தச் சாய்வு குறைந்துவிடும். வண்டி நேராகப் போக மறக்கும். இதைச் சரிக்கட்ட ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள்.

மூன்றாவது, பெரிய டயர். எடை கூடக்கூட எல்லா மூட்டுக்கும் நெம்புகோல் பலம் கூடும். நம் முழங்கால் வலிக்கு டாக்டர் முதலில் எடையைக் குறை என்று சொல்வதும் இதே கணக்குதான்.

இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் அடிவாங்குவது கிங் பின். பழைய ஜீப்பில் சக்கரம் திரும்பும் இடத்தில் ஒரு பந்து மாதிரி இரும்பு உறை இருக்கும். அதற்கு மேலே ஒரு பின், கீழே ஒரு பின், இரண்டிலும் கூம்பு வடிவ பேரிங். அவை எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதைக் காகிதம் போன்ற மெல்லிய சிம் தகடுகளை வைத்து முடிவு செய்வார்கள். இறுக்கம் போய்விட்டால், ஒரு பள்ளம் போதும், இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு ஆட ஆரம்பிக்கும். பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும்.

பிரித்த கதை

ஆடுகிறது என்றதும் பலர் முதலில் ஒரு ஸ்டீயரிங் டாம்பர் வாங்கி மாட்டுவார்கள். ஆட்டம் குறையும், நோய் உள்ளேயே இருக்கும். காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போடுவது மாதிரி. ஜே.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி அந்த வேலையே செய்யமாட்டார். எழுபதைத் தொடும் வயது. அல்சூர்த் தமிழர், மூன்று தலைமுறையாக இந்த ஊர். வண்டியைப் பார்த்ததும் சொன்னார்:

"சார், வண்டிய மேல ஏத்துனது தப்பில்ல. ஏத்துன அன்னிக்கே கீழ இருக்கறத பாத்திருக்கணும். மேல மட்டும் பாத்தா எப்டி?"

அவர் பார்த்த வரிசையை அப்படியே தருகிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் முன் ஆக்ஸிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் தெரிந்தது. உடனே பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் போனால் அது வீல் பேரிங். போகாவிட்டால் கிங் பின். எனக்குப் போகவில்லை. பிறகு சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். டை ராட் முனைகள் பேசின. வண்டியைக் கீழே இறக்கி, ஒருவரை ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லி, குனிந்து ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. கடைசியாக ஒரு கடப்பாரையைப் பட்டையின் கண்ணில் கொடுத்து நெம்பினார். புஷ் இருந்த இடத்தில் ரப்பர் தூள்தான் இருந்தது.

பிரித்தபோது வலது பக்கக் கீழ்க் கிங் பின் பேரிங்கின் பாதையில் உருளைகள் வரிசையாகப் பதிந்து, குழி குழியாகத் தழும்பு. தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், கிரீஸ் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. சக்கரம் மூழ்கும் ஓடையில் இறங்குகிறவர்கள் கவனிக்க: உள்ளே தண்ணீர் வராமல் காப்பது ஒரு ஆயில் சீல் மட்டும்தான். ஓடை தாண்டும் படத்துக்கு எத்தனை லைக் வந்தாலும் திரும்பி வந்து அதைப் பார்க்க வேண்டும்.

புது பேரிங் போட்டு, சிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து அளவு பார்த்த விதம்தான் எனக்குப் பிடித்தது. டை ராடைக் கழற்றிவிட்டு, சீல் போடுவதற்கு முன், பழைய பேப்பர்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு கொக்கித் தராசை மாட்டி மெதுவாக இழுத்தார். எத்தனை பலத்தில் திரும்ப ஆரம்பிக்கிறது என்பதுதான் இறுக்கத்தின் அளவு. ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்க்கும் இதே முறைதான் ஜீப்பின் பழைய பழுதுபார்ப்புக் கையேடுகளிலும் உண்டு. மேஸ்திரி கையேட்டைப் படித்ததில்லை. அவருடைய குரு ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவராம். போர்க்கால அமெரிக்காவின் ஒரு பக்கம், வாய்வழியாக, ஜே.சி. ரோட்டுச் சந்து வரை வந்து சேர்ந்திருக்கிறது. சரித்திரம் என்றால் இதுதானே?

பட்டைகள் உட்கார்ந்து போயிருந்தன. தகடுகளைச் சூடு பண்ணாமல், பச்சையாகவே சுத்தியால் தட்டி வளைவு ஏற்றச் சொன்னார். அடுப்பில் வைத்துச் சூடாக்கிவிட்டு எண்ணெயில் பதம் கொடுக்காமல் விட்டால் எஃகு தன் குணத்தை இழந்துவிடும், ஒரு மாதத்தில் மறுபடி உட்காரும். புது புஷ், புது சென்டர் போல்ட், புது யூ போல்ட். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட அவர் சம்மதிக்கவில்லை. ஒரு தரம் முறுக்கி இழுபட்ட மரை மறுதரம் அதே பிடியைத் தராது. ஆப்புத் தகடு வைத்துக் காஸ்டரைத் திரும்பக் கொண்டுவந்தார். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து எல்லா யூ போல்ட்டையும் மறுபடி முறுக்க வேண்டும் என்பது கட்டளை. மூன்று சனிக்கிழமை ஆனது. தங்கமணி அந்த மூன்று வாரமும் என்னோடு பேசியதைவிட மேஸ்திரியோடு பேசியது அதிகம், "எப்போ முடியும்?" என்று.

இனி என்ன?

காலம் மாறிவிட்டது. 2010ல் வந்த மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ.யில் முன்பக்கம் ஒற்றை ஆக்ஸிலே கிடையாது. இரண்டு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் போகும், முறுக்குக் கம்பி ஸ்பிரிங். 2020 அக்டோபர் 2 அன்று வந்த புது தாரில் சுருள் ஸ்பிரிங். ஜிப்ஸி 2019ல் நின்றது. 2023ல் வந்த ஜிம்னியில் ஒற்றை ஆக்ஸில் உண்டு, பட்டை இல்லை. தனித்தனி சஸ்பென்ஷனில் கிங் பின் இடத்தில் பால் ஜாயின்ட். அந்த முறுக்குக் கம்பியைத் திருகி வண்டியை உயர்த்தினால், சக்கரத்துக்குப் போகும் அச்சு கோணலாகி, அதன் மூட்டும் ரப்பர் உறையும் சீக்கிரம் போகும். சாமான் பெயர் மாறினாலும் கணக்கு அதேதான். மேலே ஏற்றினால் கீழே பார்க்க வேண்டும்.

சட்டமும் மாறியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. தூக்கிக் கட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. பழைய வண்டி வைத்திருப்பது இனி செலவு வைக்கிற ஆசைதான். ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு என் யோசனை: கம்பெனி உயரத்துக்கே இறக்கிவிடுங்கள். என் வண்டியும் இந்த வேலையோடு ஆக்ஸிலுக்குக் கீழே பட்டை என்ற பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. கம்பீரம் கொஞ்சம் குறைந்தது. பின்சீட்டில் உட்காரும் இரண்டு பேருக்காக அது பரவாயில்லை.

எனக்குக் கவலை வேறு. மேஸ்திரியின் இரண்டு பிள்ளைகளும் நம்மைப் போல ஐ.டி.யில் இருக்கிறார்கள். அவர் கடன் வாங்கிப் படிக்க வைத்தது அதற்குத்தான், அதில் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் விரலை வைத்து மூட்டின் ஆட்டத்தைச் சொல்லும் அந்த வித்தை அவரிடமிருந்து யாருக்குப் போகும்? பட்டறையில் இப்போது இருக்கும் பையன் பீகாரிலிருந்து வந்தவன். மேஸ்திரி அவனுக்கு அரைகுறை இந்தியிலும் முழுத் தமிழிலுமாகச் சொல்லிக்கொடுக்கிறார். அவன் "டைட்டு போதுமா அண்ணே?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டான். 1809ல் தமிழ்க் கொல்லன் இந்த ஊருக்கு வந்தபோதும் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பிழைக்க வந்தவன் கையில்தான் வித்தை தங்குகிறது. அது தமிழன் கையாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கை ஒன்று இருந்தால் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஊரில் உங்கள் அப்பா, மாமா, சித்தப்பா யாராவது ஜீப் ஓட்டியிருந்தாலோ, பட்டறை வைத்திருந்தாலோ, அடுத்த முறை போகும்போது அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எந்த வருஷம், எந்த வண்டி, சாமான் எங்கே வாங்கினார், யாரிடம் தொழில் கற்றார். நம் குடும்ப சரித்திரத்தில் இதெல்லாம் யாரும் எழுதாத பக்கங்கள்.

டிஸ்கி: மேலே சொன்ன சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பிரிக்கும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். வெயிலில் நின்று பக்கத்திலிருந்து பாருங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், கேள்வி கேளுங்கள். நான் கற்றதெல்லாம் அப்படித்தான்.